குடைக்கு அடியில் பார்க்க வேண்டும்

காட்டுக் கேரட்டை எப்படி அடையாளம் காண்பது என்று வட அமெரிக்காவில் யாரைக் கேட்டாலும் முதலில் வந்து விழுவது அந்தக் கறுத்த புள்ளிதான். வெள்ளைப் பூங்கொத்தின் நட்டநடுவில் கருஞ்சிவப்பாக ஒரே ஒரு குட்டிப் பூ இருக்கும், அதைப் பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே வேண்டாம் என்பார்கள். நடைப்பயணம் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் அதைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். குழந்தைகளுக்கும் அரசி ஒருத்தியின் கதையோடு சேர்த்து அதைத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். எனக்கு இந்தப் புள்ளியின் மேல் வெகுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. அது பொய் சொல்கிறது என்பதற்காக இல்லை. பார்க்க வேண்டிய இடத்துக்குக் கண் போகும் முன்பே அதை மேலேயே பிடித்து நிறுத்தி, "தெரிந்துகொண்டாய், போதும்" என்று அனுப்பிவிடுகிறது என்பதற்காக.

செடியைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. கண்டத்தின் கிழக்குப் பாதியில் ஜூலை பிறந்துவிட்டால் நெடுஞ்சாலையின் இருபுறமும், தரிசாகப் போட்ட வயல்களிலும், ரயில் பாதையின் சரளைக் கற்களுக்கு இடையிலும் இடுப்பளவு உயரத்தில் வெள்ளை வெள்ளையாகத் தட்டையான பூங்கொத்துகள் நிற்கும். அவற்றில் பெரும்பாலானவை இதுதான். குயின் ஆன்ஸ் லேஸ் என்று செல்லமாக அழைக்கிறார்கள். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் டாக்கஸ் கரோட்டா. நாம் சந்தையில் வாங்கும் கேரட்டும் இதே இனம்தான். அதன் வளர்ப்பு வடிவம், அவ்வளவே. ஐரோப்பாவிலிருந்தும் மேற்கு ஆசியாவிலிருந்தும் பரவிய செடி இது. குடியேறிகளோடு கடல் கடந்து வந்து, அவர்கள் உழுதும் வெட்டியும் கிளறிப்போட்ட மண்ணில் குடியேறிவிட்டது. இன்று அதை வந்தேறி என்று நினைப்பவர்கள் குறைவு. கோடைக்காலச் சாலை என்றாலே இந்தப் பூதான் என்ற அளவுக்கு நிலக்காட்சியோடு ஒன்றிப்போய்விட்டது.

முதலில் அந்தப் புள்ளியின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது சுவாரசியமானதுதான். காட்டுக் கேரட்டின் பூங்கொத்து ஒற்றைப் பூ அல்ல. தண்டின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து பல காம்புகள் குடைக்கம்பிகளாகப் பிரிகின்றன. ஒவ்வொரு காம்பின் நுனியிலும் இன்னொரு சிறிய குடை. அந்தச் சிறு குடைகளின் நுனிகளில்தான் பூக்கள். தாவரவியலில் இதைக் கூட்டுக் குடைமஞ்சரி என்பார்கள். கொத்தமல்லி பூத்துப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானது; இரண்டும் ஒரே குடும்பம். ஓரத்தில் உள்ள பூக்களின் வெளி இதழ்கள் சற்றுப் பெரிதாக, ஒரு பக்கமாக நீண்டிருக்கும். நடுவில் மட்டும், எல்லாக் கொத்திலும் அல்ல, சில கொத்துகளில், ஒரு பூ மாத்திரம் கருஞ்சிவப்பாகவோ கருநீலம் கலந்த சிவப்பாகவோ இருக்கும். லேஸ் பின்னிக்கொண்டிருந்த அரசியின் விரலில் ஊசி குத்தி விழுந்த ரத்தத்துளி அது என்பது கதை. அந்த அரசி எந்த ஆன் என்பதில்கூடக் கதை சொல்பவர்களுக்குள் உடன்பாடு இல்லை. டார்வின் 1877இல் வெளியிட்ட நூலில், பெரிய வெள்ளைக் கொத்தை இந்த ஒற்றைச் சிறு பூ பூச்சிகளுக்கு மேலும் எடுப்பாகக் காட்டும் என்று நம்புவதற்கில்லை என்றும், அதனால் செடிக்குப் பயன் ஏதும் இல்லை என்பது அநேகமாக உறுதி என்றும் கருதினார். பிறகு வந்தவர்கள், ஒரு பூச்சி ஏற்கெனவே அமர்ந்திருப்பதுபோல் காட்டி மற்றப் பூச்சிகளை இறங்கவைக்கும் தந்திரம் அது என்று வாதிட்டார்கள். கறுத்த பூவைக் கிள்ளிவிட்டும் விட்டுவைத்தும் சோதனைகள் நடந்திருக்கின்றன. அவை ஒரே விடையைத் தரவில்லை.

ஆராய்ச்சியாளர்களுக்கு இது நல்ல புதிர். சாலையோரத்தில் நிற்பவருக்கோ இது ஒரு மோசமான அடையாளம். சில இடங்களில் பெரும்பாலான கொத்துகளில் புள்ளி இருக்கும். சில இடங்களில் தேடித் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது. ஒரே செடியில் நடுக்கொத்தில் இருந்து பக்கக் கிளைகளின் கொத்துகளில் இல்லாமல் போவதும் உண்டு. புள்ளி இல்லை என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. புள்ளி இருக்கிறது என்றால்? ஏற்கெனவே மற்ற அடையாளங்களைப் பார்த்து முடித்தவருக்கு அது ஒரு கூடுதல் உறுதி. மற்றவற்றைப் பார்க்காதவருக்கு, இரண்டு அடி தூரத்திலிருந்து பார்க்கும்போது, கொத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன வண்டும் அதே புள்ளிதான்.

குடையைத் திருப்பினால்

இந்த மனத்தாங்கல் கருத்தாக உருப்பெற்றது ஒரு ஜூன் மாதக் கடைசியில். எனக்கு மூத்த நண்பர் ஒருவர், அண்ணன் என்றுதான் அழைப்பேன், பணி ஓய்வு பெற்ற பிறகு செடிகளின் மேல் தீராத ஆசை வந்தவர். கைப்பேசியில் ஒரு செயலி வைத்திருக்கிறார். எதிரே வரும் எந்தப் பச்சையையும் அது பெயர் சொல்லாமல் விடாது. பழைய ரயில் பாதையை நடைபாதையாக மாற்றியிருந்த ஒரு தடத்தில் போய்க்கொண்டிருந்தோம். ஓரத்தில் வெள்ளைப் பூங்கொத்துகள். அண்ணன் குனிந்து மேலிருந்து படம் எடுத்தார். செயலி காட்டுக் கேரட் என்றது. சற்றுத் தள்ளி, ஓடைக்கரை போலத் தாழ்ந்திருந்த இடத்தில், ஆளைவிட உயரமாக இன்னொரு கூட்டம் நின்றது. அதன் உச்சிக் கொத்துகள் காயாகத் தொடங்கியிருந்தாலும் பக்கக் கிளைகளில் பூ இருந்தது. ஒரு கிளையை எட்டிப் பிடித்து வளைத்து அதையும் மேலிருந்து படம் எடுத்தார். செயலி அதற்கும் அதே பெயரை, கிட்டத்தட்ட அதே நம்பிக்கையோடு சொன்னது. "பாத்தீங்களா தம்பி, இவ்வளவு உயரமாக் கூட வளருது" என்றார். வேரைத் தோண்டி முகர்ந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய அன்றைய ஆசை; கையில் ஒரு சின்ன மண்வெட்டியும் இருந்தது.

முதலில் பாதையோரத்துச் செடிக்கே அவரைத் திரும்ப அழைத்துப் போய், பூங்கொத்தை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினேன். காட்டுக் கேரட்டின் உண்மையான முகம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. குடைக்காம்புகள் பிரியும் இடத்தில், தண்டைச் சுற்றி ஒரு வளையமாக, பச்சை நிறத்தில் பூவடிச் செதில்கள் நிற்கின்றன. சாதாரணச் செதில்களாக இருந்தால் கவனிக்க ஒன்றுமில்லை. இவை ஒவ்வொன்றும் நீண்டு, இரண்டு பக்கமும் ஊசி ஊசியாகக் கிளை பிரிந்து, தின்று முடித்த மீனின் முள்போல இருக்கும். சில மூன்றாகப் பிரியும், சில ஐந்து ஏழாக. கொத்து மொட்டாக இருக்கும்போது இவை மேல்நோக்கி வளைந்து ஒரு கூண்டுபோல அதை மூடிக்கொண்டிருக்கும். பூத்தபின் கீழே விரிந்து தொங்கும். காய்த்துச் சுருங்கும்போது மறுபடி எல்லாவற்றையும் சுற்றிக்கொள்ளும். எந்தக் கட்டத்தில் பார்த்தாலும் இருக்கும். வட அமெரிக்கச் சாலையோரங்களில் இதே உயரத்தில், இதே காலத்தில், வெள்ளைக் குடையோடு நிற்கும் வேறெந்தப் பொதுவான செடிக்கும் இவ்வளவு பெரிய, இப்படிக் கிளைத்த செதில்கள் கிடையாது. பிறகு தண்டு: பச்சை, நீளவாக்கில் வரிகள், விரலை மேலும் கீழும் ஓட்டினால் சொரசொரவென்று தட்டுப்படும் மயிர்கள். அரசியின் கால்களில் ரோமம் உண்டு என்று அங்கே ஒரு கேலி வழங்குகிறது. மரியாதைக் குறைவானதுதான் என்றாலும் புள்ளிக் கதையைவிட ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

அதன் பிறகு உயரமான கூட்டத்துக்குப் போனோம். தொட வேண்டாம், பார்த்தால் போதும் என்றேன். கொத்தின் அடியில் மீன்முள் இல்லை. கவனித்துத் தேடினால்தான் தெரியும் குட்டையான, கிளைக்காத, பின்னோக்கி மடிந்த சில செதில்கள் மட்டும் இருந்தன. தண்டு வழவழப்பு. ஒரு மயிர்கூட இல்லை. மேலே மெல்லிய வெண்சாம்பல் பூச்சு. அதன் அடியில், தரையிலிருந்து மேல்வரை, யாரோ மையைத் தெளித்ததுபோல் ஊதாத் திட்டுகள். கிரேக்கத்தில் பொதுயுகத்துக்கு முன் 399இல் சாக்ரடீசுக்குக் குடிக்கக் கொடுக்கப்பட்ட நஞ்சு இந்தச் செடியிலிருந்துதான் வந்தது: கோனியம் மேக்குலேட்டம், பொதுவழக்கில் பாய்சன் ஹெம்லாக். இதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான்; அதன் இலையழகுக்காகத் தோட்டங்களில் வளர்க்கவே கொண்டுவந்தார்கள். இதன் முக்கிய நஞ்சான கோனைன், நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. கால்களில் தொடங்கும் செயலிழப்பு மூச்சுத் தசைகளை எட்டும்போது உயிர் போகிறது.

அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர் கேட்டதுதான் என்னை இந்தக் கட்டுரை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தது. மண்வெட்டியைப் பாதையோரத்துச் செடியின் பக்கம் காட்டி, "சரி, அது வேற. இது நிச்சயமாக் கேரட்தானே? அப்ப இதைத் தோண்டலாம் இல்லையா?" என்றார்.

முகம் காட்டாத ஆண்டு

தோண்டலாம். ஆனால் அங்கே கேரட் இருக்காது. காட்டுக் கேரட் ஈராண்டுத் தாவரம். முதல் ஆண்டில் தண்டே எழும்பாமல் தரையோடு ஒட்டிய ஓர் இலைக்கொத்தாக மட்டும் இருந்து, தயாரிக்கும் உணவையெல்லாம் ஆணிவேரில் சேர்த்துவைக்கிறது. மண் வறண்டதாகவோ சத்துக் குறைந்ததாகவோ இருந்தால் இந்த நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள்கூடக் காத்திருக்கும். போதுமான இருப்பு சேர்ந்து, ஒரு குளிர்காலமும் கடந்த பிறகுதான் தண்டை எழுப்புகிறது. அந்தத் தண்டும் பூவும் விதையும் வேரில் இருந்ததைத் தின்றே வளர்கின்றன. பூத்து நிற்கும் செடியின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால், நாராய், விறகாய், நடுவில் கட்டையோடு இருக்கும். விதை உதிர்ந்ததும் செடி செத்துவிடும். மெல்லக்கூடிய வேர் வேண்டுமென்றால் முதல் ஆண்டுச் செடியைத்தான் தோண்ட வேண்டும். அதுவும் சுண்டுவிரல் பருமனில், வெளுத்த நிறத்தில்தான் இருக்கும்.

இதில் உள்ள சிக்கலை நான் அதற்கு முன்பும் படித்திருந்தேன் என்றாலும், மண்வெட்டியோடு ஒரு மனிதர் எதிரே நிற்கும்போதுதான் அதன் கூர்மை உறைத்தது. மீன்முள் செதில்கள் பூங்கொத்தின் அடியில் இருப்பவை. ரோமம் படர்ந்த தண்டு, பூக்கும் தண்டு. கருஞ்சிவப்புப் புள்ளி, பூ. பறவைக்கூடு போலச் சுருங்கும் காய்க்கொத்து, பூவுக்குப் பின் வருவது. நாம் நம்பிக்கையோடு எண்ணும் அடையாளங்கள் அனைத்தும் செடி சாகப்போகும் கடைசிக் கோடைக்கு உரியவை. வேரில் சாறு இருக்கும் காலத்தில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. அடையாளம் தெரியும்போது தோண்டிப் பயனில்லை. தோண்டிப் பயனுள்ளபோது அடையாளம் இல்லை. எந்தக் கறுத்த புள்ளியும் இந்த இடைவெளியைக் கடந்து வந்து உதவாது.

ஹெம்லாக்கும் ஈராண்டுத் தாவரமே என்பது இந்த இடைவெளியை இன்னும் ஆபத்தாக்குகிறது. அதற்கும் முதல் ஆண்டில் தரையோடு ஓர் இலைக்கொத்து. அதற்கும் நுணுக்கமாகப் பிரிந்த, பெரணியை நினைவூட்டும் இலைகள். அதற்கும் வெண்மையான, பெரும்பாலும் கிளைக்காத ஆணிவேர். வேறுபாடுகள் இல்லாமல் இல்லை. கேரட்டின் இலைக்காம்பில், குறிப்பாக அடிப்பகுதியில், மயிர்கள் இருக்கும். ஹெம்லாக்கின் காம்பு வழவழப்பாக, பெரும்பாலும் உள்ளீடற்று இருக்கும். ஹெம்லாக்கின் இலை பெரிதாக வளர்ந்து முக்கோண வடிவம் எடுக்கும், பளபளப்பும் கூடுதல். ஊதாத் திட்டுகள் காம்பிலேயே வந்துவிடுவது உண்டு. ஆனால் இளம் செடியில் திட்டு இல்லாமலும் இருக்கலாம். வறட்சியில் வளர்ந்த கேரட் இலையின் மயிர் கண்ணுக்குத் தட்டுப்படாத அளவுக்குக் குறைந்தும் போகலாம். இரண்டும் அருகருகே, இலைகள் பின்னிக்கொண்டு நிற்கவும் கூடும். சாலையோரத்து மண் இரண்டுக்குமே பிடித்தமானது.

வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். கேரட் இலையைக் கசக்கினால் கேரட் வாசனை வரும் என்பது உண்மை. ஹெம்லாக் இலையைக் கசக்கினால் எலி மூத்திரம் போன்ற நெடி வரும் என்பதும் உண்மை. ஆனால் நல்ல செடியை ஒரு முறை கசக்கிய விரல் அடுத்த செடியிலும் அதே வாசனையைத்தான் முகர்ந்து சொல்லும். தவிர, வாசனையைச் சோதிப்பதற்காகவே ஹெம்லாக்கைக் கையில் கசக்குவது எனக்கு உவப்பான முறையாகப் படவில்லை. இன்னும் சிலர், கறுப்புப் பட்டையும் மஞ்சள் புள்ளியும் கொண்ட பச்சைக் கம்பளிப்புழு ஒன்று இலையைத் தின்றுகொண்டிருந்தால் அது கேரட்தான் என்கிறார்கள். பிளாக் ஸ்வாலோடெயில் என்ற அந்த மண்ணுக்குரிய வண்ணத்துப்பூச்சியின் புழு அது. வந்தேறிக் கேரட்டை ஏற்றுக்கொண்டு அதில் முட்டையிடப் பழகிவிட்டது. அழகான செய்திதான். அதே புழு ஹெம்லாக் இலையையும் ஒரு குறையும் இல்லாமல் தின்று வளரும். புழுவுக்கு ஒத்துக்கொள்கிறது என்பதை வைத்து நாம் எந்த முடிவுக்கும் வர முடியாது.

மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள். அவள் வந்தேறி அல்ல, அந்த மண்ணுக்கே உரியவள். வாட்டர் ஹெம்லாக், சிக்கூட்டா மேக்குலேட்டா. ஈரமான பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் நிற்கும். இலைகள் கேரட்டைப் போல நூலாகப் பிரிவதில்லை, விளிம்பில் பற்களோடு தனித்தனிச் சிற்றிலைகளாக இருக்கும். ஆகவே பூத்து நிற்கும்போது கேரட்டோடு குழப்பிக்கொள்ளக் காரணம் குறைவு. வேர் மட்டும் கையில் கிடைத்தால் கதை வேறு. 1992 அக்டோபரில் மெய்ன் மாநிலத்துக் காட்டில் காட்டு ஜின்செங் என்ற மருத்துவ வேரைத் தேடிப் போன சகோதரர்கள் இருவரில் இளையவர் ஈர நிலத்தில் கிடைத்த வேர் ஒன்றை மூன்று கடி கடித்தார். மூத்தவர் அதே வேரை ஒரே ஒரு கடி கடித்தார். இளையவர் வலிப்பு வந்து சில மணி நேரத்தில் இறந்தார். மூத்தவரும் வலிப்புக்கு ஆளாகிப் பிழைத்தார். அவர்கள் தேடிப் போனது கேரட் அல்ல என்பது இங்கே முக்கியமில்லை. மண்ணுக்குள் இருக்கும் வேர் தன் பெயரைச் சொல்வதில்லை. அதற்கு மேலே நிற்கும் செடிதான் சொல்ல வேண்டும். அந்தச் செடி வாய் திறக்காத பருவத்தில் தோண்டுகிறோம்.

எவ்வளவு உறுதி போதும்

அண்ணனோடு வீடு திரும்பும்போது நீண்ட விவாதம். செயலியை நான் இழிவாகப் பேசுகிறேன் என்பது அவர் குறை. அப்படியில்லை. செயலி தனக்குக் காட்டப்பட்ட படத்துக்கு விடை சொல்கிறது. மேலிருந்து எடுத்த வெள்ளைக் குடையின் படத்தில் செதில் இல்லை, தண்டு இல்லை, உயரம் இல்லை, மயிர் இல்லை. பள்ளமா மேடா என்பதும் இல்லை. நம்முடைய கண் எங்கே நின்றுவிடுகிறதோ அங்கேதான் செயலியின் கண்ணும் நிற்கிறது, ஏனென்றால் கைப்பேசியைப் பிடிப்பது நாம். அதே செயலிக்குக் கொத்தின் அடிப்பக்கத்தையும், தண்டின் நடுப்பகுதியையும், அடி இலையையும் தனித்தனியாக எடுத்துக் கொடுத்தால் அது சொல்லும் விடையின் மதிப்பே மாறிவிடும். சதவீதம் மட்டும் இரண்டு சந்தர்ப்பங்களிலும் ஒரே மாதிரியாகத் திரையில் ஒளிரும் என்பதுதான் என் புகார்.

என் வாதம் இதைவிடக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. ஒரு செடியின் பெயரைத் தெரிந்துகொள்வதற்கு எவ்வளவு உறுதி தேவை என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். காரில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துக் காட்டுக் கேரட் என்று சொல்வதற்கு அந்த வெள்ளைத் தட்டும் ஜூலை மாதமும் போதும். தவறிப்போனாலும் யாருக்கும் நட்டமில்லை. பறித்துக் குவளையில் வைக்க வேண்டுமென்றால் செதிலையும் தண்டையும் பார்த்தாக வேண்டும். கேரட்டின் சாறேகூடச் சிலருக்கு வெயில் பட்டால் தோலில் தடிப்பை உண்டாக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த, காகசஸ் மலைப்பகுதியிலிருந்து வந்த ஜயண்ட் ஹாக்வீட்டின் சாறு என்றால் கொப்புளமே போட்டுவிடும். ஹாக்வீட் இரண்டு ஆள் உயரம் வளரும், இலை ஒன்றே ஒரு மீட்டருக்கு மேல் விரியும் என்பதால் முழு வளர்ச்சியில் யாரும் ஏமாற மாட்டார்கள். அதற்கும் தண்டில் மயிர் உண்டு என்பதால், ரோமத்தை மட்டுமே பாடமாக வைத்திருப்பவர் இளஞ்செடியில் ஏமாறலாம். உயரமும் அப்படித்தான். சாலையோரப் புல்லை இயந்திரம் வெட்டிவிட்டுப் போன இடங்களில் காட்டுக் கேரட் ஒரு சாண் உயரத்திலேயே பிடிவாதமாகப் பூத்து நிற்பதைப் பார்க்கலாம். வெட்டுப்பட்ட ஹெம்லாக்கும் குட்டையாகத் துளிர்க்கும். குட்டையானது கேரட், நெட்டையானது நஞ்சு என்ற கணக்கு இயந்திரம் ஒருமுறை போய்வந்தால் தகர்ந்துவிடும்.

வேறு சிலருக்கு இதே பெயர் வேறொரு காரணத்துக்காகத் தேவைப்படுகிறது. வாஷிங்டன் மாநிலம் காட்டுக் கேரட்டைத் தீங்குக்களைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. பசிபிக் கரையோரத்தின் வடமேற்கில் கேரட் விதை உற்பத்தி பெரிய தொழில். விதைக்காகப் பூக்கவிட்ட கேரட் வயலுக்கு அருகில் அதன் காட்டு உறவினர் பூத்தால் பூச்சிகள் இரண்டின் மகரந்தத்தையும் கலந்துவிடும், கலந்த விதையிலிருந்து வெளுத்த, நாரான வேர்கள் வரும். அந்த விதை விவசாயிக்குச் செடி நஞ்சா உணவா என்பது கவலையில்லை; வேலிக்கு வெளியே நிற்பது டாக்கஸ் கரோட்டாவா இல்லையா என்பது மட்டுமே கேள்வி, அதைச் செதில்கள் தீர்த்துவைத்துவிடும். 'யாரோ' (yarrow) என்ற பெயருடைய செடியும் வெள்ளைத் தட்டோடு அங்கே நிற்கக்கூடும். ஆனால் அதன் காம்புகள் ஒரே புள்ளியிலிருந்து பிரியாமல் தண்டின் வெவ்வேறு உயரங்களிலிருந்து கிளம்பி மேலே வந்து சமமாகின்றன. அது சூரியகாந்திக் குடும்பம். தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும். பக்கத்தில் போய் ஒரு நொடி பார்த்தால் குழப்பம் தீர்ந்தது.

தின்பதற்கு எவ்வளவு உறுதி வேண்டும்? என் பதில் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. முதல் ஆண்டு இலைக்கொத்தை மட்டும் பார்த்து, புத்தகத்தையோ திரையையோ துணைக்கு வைத்துக்கொண்டு, ஒருவர் அடையக்கூடிய உறுதி எதுவும் போதாது என்பதே என் கருத்து. தலைமுறை தலைமுறையாக ஒரே நிலத்தில் தோண்டிப் பழகிய கைகளுக்கு இது பொருந்தாமல் போகலாம். எனக்கும் அண்ணனுக்கும் அந்தக் கைகள் இல்லை. கிடைக்கப்போவது சுண்டுவிரல் பருமனில் ஒரு வெளுத்த வேர். இழக்கக்கூடியது எது என்று ஒப்பிட்டால் பேரம் கட்டுப்படியாகவில்லை. "அப்ப எதுக்கு இதையெல்லாம் இவ்வளவு நுணுக்கமாப் பாத்து வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். பார்ப்பதற்காகத்தான் என்றேன். சிரித்தார், ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை.

அவரை ஓரளவு சமாதானப்படுத்தியது ஒரு வேலைத்திட்டம். முதல் ஆண்டு இலையைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் உறுதியான செடியிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். செப்டம்பரில் கொத்துகள் உள்நோக்கிச் சுருண்டு கூடாகிவிடும். காற்றில் ஈரம் ஏறினால் இறுக மூடும், உலர்ந்தால் தளர்ந்து விரியும். உள்ளே இருக்கும் காய்களை உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் நீளவாக்கில் வரிசை வரிசையாக முட்கள், முள்ளின் நுனியில் நுண்ணிய கொக்கிகள். கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு வருபவை இவைதான். ஹெம்லாக்கின் காயில் முள் கிடையாது. நெளிநெளியான வரப்புகள் மட்டும் இருக்கும். ஆகவே இலையுதிர் காலத்தில் நிற்கும் காய்ந்த தண்டும்கூட, பூ போன பிறகும், சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சி. அதன் கூட்டில் முள் இருக்கிறதா, அடியில் காய்ந்து போன மீன்முள் செதில் இருக்கிறதா என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவைத்துவிட்டு வரலாம். வசந்தத்தில் அதே இடத்துக்குப் போனால், தாய் இருந்த இடத்தைச் சுற்றி இலைக்கொத்துகள் தலைகாட்டியிருக்கும். அவற்றைத் தோண்டாமல், படம் எடுத்து, காம்பின் மயிரைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டு, அது தண்டெழுப்பிப் பூக்கும்வரை காத்திருக்க வேண்டும். பூத்து, கொத்தைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் முந்தைய ஆண்டுப் படத்துக்கு என்ன பெயர் எழுதுவது என்று தெரியவரும்.

அண்ணன் அந்தத் தடத்தின் ஓரத்தில் இப்போது குச்சிகள் நட்டு வைத்திருக்கிறார். போன வசந்தத்தில் அனுப்பிய படங்களில், கேரட் என்று அவர் உறுதியாகக் குறித்திருந்த கொத்துகளுக்கு இடையில் ஒன்றின் இலைக்காம்பு எனக்கு மிகவும் வழவழப்பாகத் தெரிகிறது. அந்தக் குச்சியில் சிவப்பு நூல் கட்டச் சொல்லியிருக்கிறேன். அது இன்னும் பூக்கவில்லை.